இருப்புப்பாதை ஆற்றுப்படை

முன்னுரை

வழியறிந்தார் வழியறியார்க்கு வழிகூறுதல் தமிழர் தொன்றுதொட்டுப் போற்றிவந்த கடமைகளுள் ஒன்றாகும். அக்கடமையே இலக்கியமாக மலர்ந்தபொழுது ஆற்றுப்படை என்னும் பெயர் பெற்றது. ஆறு என்பது வழி. படை என்பது படுத்துதல், அஃதாவது செலுத்துதல். வள்ளல் ஒருவனைக் கண்டு பரிசில் பெற்று மீளும் பாணனாதல், பொருநனாதல், கூத்தனாதல் எதிரே வறுமையுடன் வரும் தன் இனத்தானைக் கண்டு, தான் சென்ற நெறியையும் ஆங்குப் பெற்ற பேற்றையும் எடுத்துரைத்து, அவனையும் அவ்வழியே செல்லுமாறு விடுப்பதே அதன் பொருள். இதற்குத் தொல்காப்பியர் புறத்திணையியலில் இலக்கணம் வகுத்தார். பத்துப்பாட்டினுள் பாதி, அஃதாவது ஐந்து நூல்கள், இவ்வகையைச் சார்ந்தன.

அவ்வைந்தனுள் பெரும்பாணாற்றுப்படை நமக்கு மிக அண்மையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அந்நூல், கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடத்துப் பெரும்பாணன் ஒருவனை ஆற்றுப்படுத்துகின்றது. உப்பு வணிகர் செல்லும் நெறி எவ்வாறிருக்கும், எயினர் குடியில் யாது உணவு கிடைக்கும், ஆயரும் உழவரும் வலைஞரும் எவ்வாறு விருந்தோம்புவர் என்பனவெல்லாம் அதனுள் முறைப்பட உரைக்கப்பெற்றுள்ளன. வள்ளலின் புகழைப் பாடுவது ஒருபுறமிருக்க, வழிச்செல்வான் ஒருவனுக்கு வேண்டுவனவற்றை ஒன்றும் விடாது கூறும் அன்பே அந்நூலின் உயிர் என்பது எமது கருத்து.

அந்நூல் பாடிய தொண்டைநாட்டின் நடுவே இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்கள் பெருந்தொழிற் களங்களாக விளங்குகின்றன. அங்கு வாழ்வார் இருப்புப்பாதை வழியே சென்னை மாநகரைக் கண்டு மீளுதற்குரிய நெறியை, அப்பழைய முறையைத் துணையாகக் கொண்டு, உரைநடையில் கூற முற்பட்டோம்.

வழிச்செல்வார் யாவர்?

ஆற்றுப்படையில் முதற்கண் அறியப்படுவான் வழிச்செல்வானே. ஆதலின் இவ்வூர்களில் வாழ்வாரைப்பற்றிச் சிறிது கூறுவாம். ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் அவதரித்த ஊர். அவர் பிறந்த ஆண்டு 1017 என்பது வழக்கு. ஒரகடத்தை அடுத்த வல்லக்கோட்டை முருகன் அருணகிரிநாதரால் பாடப்பெற்றவன். சென்னையினின்று இவ்விடம் வருவார் கடக்கும் குன்றத்தூரோ பெரியபுராணம் தந்த சேக்கிழார் பெருமானின் ஊர். இத்தகைய பழைய ஊர்களின் ஏரிக்கரைகளையும் வயல்களையும் ஒட்டி, 1990க்குப் பின்னர்ப் புதியதோர் உலகம் எழுந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998 இல் மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை 2010 இலும், ராயல் என்பீல்டு தொழிற்சாலை 2013 இலும் தொழிலைத் தொடங்கின. 2006 இல் வந்த நோக்கியா நிறுவனம் 2014 இல் தன் தொழிலை நிறுத்தியது. எனினும் கைப்பேசித் தொழில் இப்பகுதியை விட்டு அகலவில்லை.

இத்தொழிற்சாலைகளை நாடித் தென்மாவட்டங்களினின்றும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களினின்றும் இளைஞரும் இளம்பெண்களும் வந்து வாழ்கின்றனர். 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய குடியிருப்பு ஒன்று திறக்கப்பெற்றது. ஓரூரில் அத்தனை பெண்கள் ஒருங்கு வாழ்தல் ஒரு சிறு நகரம் எழுந்தாற் போன்றதே. நம் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற தமையன்மாரும் தமக்கைமாரும் சிலர் அங்குப் பணியாற்றுகின்றனர்.

அவர்களுட் சிலரோடு யாம் அளவளாவியபோது ஒரு செய்தி எம் உள்ளத்தைத் தொட்டது. பணிக்கு வந்து ஓராண்டு கழிந்தும் கடலைக் காணாதார் அவருள் இருந்தனர். கடல் ஐம்பது கல் தொலைவிற்குள்ளேயே இருக்கின்றது. பொருளின்மை அதற்குக் காரணமன்று. வாரத்தில் கிடைப்பது ஒருநாள் ஓய்வு. செல்லும் வழி தெரியாது. சென்றால் விடுதிக் கதவடைக்குமுன் மீள இயலுமோ என்னும் அச்சம். இம்மூன்றுமே அவர்களைத் தடுத்தன. இவற்றுள் முதலாவதை மாற்றுதல் நம்மால் ஆவதன்று. ஏனைய இரண்டும் அறிவினால் நீங்கத்தக்கன. ஆதலின் இக்கட்டுரை எழுதுதல் வீண்செயலாகாது என்று துணிந்தோம்.

இருப்புப்பாதை வந்த வரலாறு

தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. பம்பாயினின்று தாணாவிற்கு இந்தியாவின் முதற் பயணிகள் வண்டி ஓடி மூன்றாண்டுகளே அப்போது கழிந்திருந்தன. இராயபுர நிலையக் கட்டடம் இன்றும் நிற்கின்றது. பின்னர் 1873 இல் சென்ட்ரல் நிலையமும், 1908 இல் எழும்பூர் நிலையமும் எழுந்தன. 1931 இல் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் அகலப் பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. அம்மீட்டர் பாதை 2004 இல் மறைந்து, அகலப் பாதை முற்றும் நிலைபெற்றது.

மக்கள் ‘பறக்கும் ரயில்’ என வழங்கும் மேம்பாலப் பாதை, 1995 இல் கடற்கரையினின்று சேப்பாக்கம் வரையிலும், 1997 இல் திருமயிலை வரையிலும், 2007 இல் வேளச்சேரி வரையிலும் நீண்டது. மெட்ரோ வண்டியோ 2015 ஜூன் 29 இல் ஆலந்தூர்க்கும் கோயம்பேட்டிற்கும் இடையே முதன்முதல் ஓடிற்று. 2019 இல் வண்ணாரப்பேட்டையும், 2021 இல் விம்கோ நகரும் அதனோடு இணைந்தன. ஆகவே இன்று சென்னையில் மூவகை வண்டிகள் உள்ளன: புறநகர் மின்சார வண்டி, பறக்கும் ரயில், மெட்ரோ. முதலிரண்டும் இரயில்வேத் துறையினரால் நடத்தப்பெறுவன; மூன்றாவது தனி நிறுவனத்தினது. இவ்வேறுபாட்டை அறிதல் சீட்டு வாங்குங்கால் பெரிதும் பயன்படும்.

மூன்று வழிகள்

ஈண்டு ஓர் உண்மையை மறைக்காது கூறல்வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இரயில் நிலையம் இல்லை. இங்குள்ள தொழிற்களங்களில் உருவாகும் மோட்டார் வண்டிகள் வாலாஜாபாத் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பெற்றுச் சரக்கு இரயிலில் ஏறி வடநாடு செல்கின்றன; அவற்றைச் செய்த கைகளுக்குரியார்க்கோ இரயிலேற நெடுந்தொலைவு செல்லவேண்டியுள்ளது. ஆவடியினின்று ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதையிடும் திட்டம் பல்லாண்டுகளாகப் பேசப்பெற்று வருகின்றது. பூந்தமல்லி மெட்ரோ வழித்தடத்தை ஸ்ரீபெரும்புதூர் வழியே பரந்தூர் வரை நீட்டுதற்கும் திட்டம் உண்டு. அவை நிறைவேறுங்காறும் முதலில் பேருந்து, பின்னர் இரயில் என்பதே நெறி.

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைக் கோவலனுக்கு எடுத்துரைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள நலமும் ஏதமும் இவையெனக் காட்டுகின்றான். வலம், இடம், இடை என்பன அவை. ஸ்ரீபெரும்புதூரில் கிழக்கு நோக்கி நிற்பார்க்கும் சென்னைக்கு அவ்வாறே மூன்று வழிகள் உள.

வலப்புற வழி சிங்கப்பெருமாள் கோயில் வழி. ஸ்ரீபெரும்புதூரினின்று ஒரகடம் வழியாகத் தெற்கே செல்லும் சாலை அவ்வூரை அடைகின்றது. ஒரகடத்தார்க்கு இதுவே அண்மையது. அங்கு நின்று செங்கற்பட்டு-கடற்கரைப் பாதையில் ஏறினால் வண்டலூர், தாம்பரம், பரங்கிமலை, கிண்டி, மாம்பலம், எழும்பூர், பூங்கா, கோட்டை, கடற்கரை என மாநகரின் முதுகெலும்பு முழுவதையும் ஒரே வண்டியில் கடக்கலாம். இதன் ஏதம் யாதெனின், செங்கற்பட்டு வரை செல்லும் வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகளைப்போல அடிக்கடி வாரா. ஒரு வண்டி தவறினால் காத்திருத்தல் நேரும். படப்பை வழியே பேருந்தில் தாம்பரஞ் சென்று ஏறுவார்க்கு வண்டிகள் மிகுதி. சாலைப் பயணமும் மிகுதி.

இடப்புற வழி திருவள்ளூர் வழி. ஸ்ரீபெரும்புதூரினின்று வடக்கே சென்று திருவள்ளூர் நிலையத்தில் ஏறினால், ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் வழியாகச் சென்ட்ரலை அடையலாம். வடசென்னையைக் காண விரும்புவார்க்கும், சென்ட்ரலில் தம் ஊர்க்கு வண்டியேறுவார்க்கும் இதுவே ஏற்றது. ஆனால் கடற்கரைக்கோ கிண்டிக்கோ செல்வார்க்கு இது சுற்றுவழி.

இடைவழி பூந்தமல்லி வழி. நெடுஞ்சாலையிற் பேருந்தேறிப் பூந்தமல்லி கடந்து கோயம்பேட்டை அடைந்து, அங்கு மெட்ரோவில் ஏறலாம். நாட்டுப்படத்தில் நோக்கினால் இதுவே நேர்வழி. மறையோன் கூறிய இடைவழியில் கானுறை தெய்வம் ஒன்று தோன்றிச் செல்வாரைத் தடுக்கும் என்பது கதை. இவ்விடைவழியில் அத்தெய்வத்தின் தொழிலை வண்டிநெரிசல் செய்கின்றது. விடுமுறை நாளின் விடியற்காலையில் இவ்வழி நன்று. மாலையில் மீளுதற்கு நன்றன்று. கலங்கரை விளக்கத்தினின்று பூந்தமல்லி வரையில் மெட்ரோவின் புதிய வழித்தடம் அமைக்கப்பெறுகின்றது. அது பகுதி பகுதியாகத் திறக்கப்பெறுவதாகலின், புறப்படுமுன் எதுவரை வண்டி ஓடுகின்றது என உசாவி அறிதல் வேண்டும்.

எமது துணிபு யாதெனின், முதன்முறை செல்வார் வலப்புற வழியையே மேற்கொள்க என்பதாம். ஒரே வண்டி, ஒரே சீட்டு, இறங்குமிடங்கள் பல என்னும் மூன்று நலங்கள் அதன்கண் உள்ளன.

சீட்டும் கட்டணமும்

புறநகர் வண்டிக்கும் பறக்கும் ரயிலுக்கும் சீட்டு ஒரே வகையினதே. இரண்டாம் வகுப்பின் தொடக்கக் கட்டணம் 5 ரூபாய். நிலையத்துச் சாளரத்திலோ, பொறியிலோ, கைப்பேசியிலோ அதனைப் பெறலாம். இருவழிச் சீட்டு வாங்கிக்கொள்ளின் மாலையில் கூட்டத்தில் நிற்கும் இடர் நீங்கும். மெட்ரோவின் கட்டணம் 10 ரூபாயினின்று 50 ரூபாய் வரை. ஆங்குக் காகிதத்திற் பொறித்த குறியையோ அட்டையையோ வாயிலிற் காட்டினால் கதவு திறக்கும். வெளியேறும் வரை அதனை இழவாது காத்தல் வேண்டும். 2025 இல் வெளியிடப்பெற்ற ‘சென்னை ஒன்று’ என்னும் கைப்பேசிச் செயலியின் வழியே பேருந்து, புறநகர் வண்டி, மெட்ரோ ஆகிய மூன்றிற்கும் ஒருங்கே சீட்டுப் பெறலாம்.

புதியவர் அறியாது இடர்ப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, முதல் வகுப்புப் பெட்டி. புறநகர் வண்டியில் அது ஏனைய பெட்டிகளோடு ஒத்துத் தோன்றும். கூட்டம் குறைவாயிருத்தல் கண்டு இரண்டாம் வகுப்புச் சீட்டுடன் அதனுள் ஏறுவார் தண்டம் செலுத்த நேரும். ஏறுமுன் பெட்டியின் புறத்தே எழுதியிருப்பதைப் படித்தல் வேண்டும். மற்றொன்று, குளிர்பதன வண்டி. 2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கற்பட்டிற்கும் இடையே தொடங்கப்பெற்ற அவ்வண்டிக்குக் கட்டணம் வேறு. பொதுச்சீட்டு அதற்குச் செல்லாது. சீட்டின்றிப் பயணஞ் செய்வார்க்குக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் தண்டம் விதித்தல் சட்டம். ஐந்து ரூபாயை அஞ்சி இருநூற்றைம்பதை இழப்பது அறிவுடைமை ஆகாது; அரசின் பொருளை வஞ்சித்தல் அறமும் ஆகாது.

பெயர் மயக்கம்

வழிதவறுதற்குப் பெருங் காரணம் பெயர் மயக்கமே. சென்னைக் கடற்கரை என்னும் நிலையப் பெயரைக் கேட்டு, ஆங்கிறங்கினால் மணலிற் கால் பதிக்கலாம் என்று எண்ணிச் செல்வார் பலர். அந்நிலையத்தின் எதிரே இருப்பது துறைமுகம். மெரீனாக் கடற்கரையை அடைய விரும்புவார் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலோ, திருவல்லிக்கேணியிலோ, கலங்கரை விளக்கத்திலோ இறங்கிக் கிழக்கே நடத்தல் வேண்டும். கலங்கரை விளக்கம் என்னும் அப்பெயர் தமிழ் மாணவர்க்கு இனிது. கடலிற் செல்லும் கலங்களை இரவில் அழைக்கும் விளக்கைப் பெரும்பாணாற்றுப்படையே நீர்ப்பெயற்றுத் துறையைக் கூறுமிடத்துப் பாடியுள்ளது. இன்று மெரீனாவில் நிற்கும் விளக்கம் 1977 இல் எழுந்தது.

பூங்கா, பூங்கா நகர் என்பன இரண்டு நிலையங்கள். முன்னது தாம்பரப் பாதையில் உள்ளது; பின்னது பறக்கும் ரயிற் பாதையில் உள்ளது. இரண்டும் சென்ட்ரலுக்கு எதிரே அருகருகே உள்ளன. எனினும் ஒன்றினின்று மற்றொன்றிற்கு நடந்தே செல்லவேண்டும். சென்ட்ரலிலும் புறநகர் வண்டிகள் பெரிய கட்டடத்தினின்று புறப்படாமல், அதனையடுத்த மூர் மார்க்கெட் வளாகத்தினின்று புறப்படும். 1985 இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பெயர் இவ்வாறு சீட்டில் வாழ்கின்றது. இம்மயக்கத்திற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. தாம்பரப் பாதையினின்று பறக்கும் ரயிலுக்கு மாறுவார் கோட்டை நிலையத்தில் மாறுக. ஆங்கு இருவகை வண்டிகளும் நிற்கும்.

சுவரில் ஒட்டியுள்ள வழித்தடப் படத்தைப் படிக்கும் முறையும் அறியத்தக்கது. இலண்டன் மாநகரில் 1863 இல் உலகின் முதற் சுரங்க இரயில் ஓடியது. அதன் பாதைகள் பெருகிப் படம் சிக்கலானபோது, ஹாரி பெக் என்பார் வளைவுகளையும் தொலைவுகளையும் நீக்கி, நேர்கோடுகளாலும் நிறங்களாலும் ஒரு படம் வரைந்தார். அது 1933 இல் வெளிவந்தது. உலகெங்கும் உள்ள மெட்ரோப் படங்கள் அதன் வழிவந்தனவே. அத்தகைய படத்தில் நிலையங்களின் வரிசையும் மாறுமிடமும் மெய். இடைத்தொலைவும் திசையும் மெய்யல்ல. படத்தில் ஓர் அங்குலம் எனத் தோன்றுவது நடக்குங்கால் நான்கு கல்லாக இருத்தல் கூடும். ஆதலின் படத்தைக் கொண்டு வண்டியைத் தேர்க. இறங்கியபின் ஊரைக் கேட்டு நடக்க.

ஒருநாட் செலவு

ஓய்வு ஒருநாளே உடையார்க்கு ஒரு திட்டம் கூறுவாம். விடியலில் சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறுக. நேரமிருப்பின் நிலையத்தை அடுத்துள்ள பல்லவர் குடைவரைக் கோயிலை முன்னரே கண்டுகொள்ளலாம். எழும்பூரில் இறங்கி அரசு அருங்காட்சியகத்திற்கு நடந்து செல்க. 1851 இல் தோன்றிய அக்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களும் சோழர் செப்புத் திருமேனிகளும் உள்ளன. உலோகத்தை உருக்கி வார்க்கும் தொழில் அறிந்த தொழிலாளர் அச்செப்புத் திருமேனிகளைக் காணுங்கால், எம்போன்றார் காணாத நுட்பங்களைக் காண்பர் என்பது எமது நம்பிக்கை. வெள்ளிக்கிழமையில் அது மூடப்பட்டிருக்கும் என்பதை மறவற்க. நண்பகல் உணவிற்குப்பின் எழும்பூரினின்று கோட்டை நிலையஞ் சென்று, பறக்கும் ரயிலுக்கு மாறித் திருமயிலையில் இறங்குக. கபாலீசுவரர் கோயிலும் அதன் குளமும் அண்மையில் உள்ளன. சாந்தோம் தேவாலயமும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. மாலை வெயில் தணிந்தபின் கடற்கரையில் அமர்க. மீளுங்கால் கலங்கரை விளக்க நிலையத்தில் ஏறிக் கோட்டையில் மாறிச் செங்கற்பட்டு வண்டியைப் பிடிக்க.

அத்தனை தொலைவு செல்ல இயலாதார்க்கு வேறொன்று கூறுவாம். வண்டலூரில் இறங்கினால் அறிஞர் அண்ணா உயிரியற் பூங்காவைக் காணலாம். அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பரங்கிமலையில் இறங்கிப் படியேறினால், புனித தோமாவின் பெயரால் வழங்கும் அம்மலையுச்சியில் போர்த்துக்கேசியர் 1523 இல் எழுப்பிய ஆலயம் உள்ளது. அங்கு நின்று நோக்குவார்க்கு வானூர்தி நிலையமும் மாநகரின் பரப்பும் ஒருங்கே தோன்றும். நூல் விரும்புவார் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரஞ் சென்றால், 2010 இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் அண்மையிலேயே உள்ளது. துணிமணி வாங்குவார் மாம்பலத்தில் இறங்குவர். அந்நிலையத்தினின்று தியாகராய நகர்ப் பேருந்து நிலையம் வரை 2023 இல் திறக்கப்பெற்ற நடைமேம்பாலம் அரங்கநாதன் தெருவின் நெருக்கத்தினின்று காக்கும்.

ஈண்டு மிகவும் வற்புறுத்த வேண்டுவது ஒன்று உண்டு. போவதினும் மீள்வதையே முதற்கண் எண்ணுதல் வேண்டும். விடுதிக் கதவடைக்கும் நேரத்தை முதலிற் குறித்துக்கொள்க. அதனின்று ஒரகடத்திற்குச் செல்லும் பேருந்து அல்லது ஷேர் ஆட்டோவின் நேரத்தைக் கழிக்க. அதனின்று வண்டிப் பயண நேரத்தைக் கழிக்க. அதன்மேலும் ஒரு வண்டி தவறுதற்குரிய நேரத்தைக் கழிக்க. எஞ்சியதே நாம் கடற்கரையினின்று எழவேண்டிய நேரம். மெட்ரோ காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடுமெனினும், சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கியபின் சாலையில் வண்டி கிடையாவிடின் பயனில்லை. மேலும், ஞாயிற்றுக்கிழமையில் புறநகர் வண்டிகள் குறைவாகவே ஓடும். பாதையைச் செப்பனிடும் பணியும் பெரும்பாலும் அந்நாளிலேயே நடைபெறும். தொழிலாளர் பலர்க்கு ஓய்வு ஞாயிறே. ஆதலின் முதல்நாள் மாலையிலேயே வண்டி நிலையை உசாவுதல் இன்றியமையாதது.

வண்டியில் ஒழுகும் முறை

இறங்குவார்க்கு வழிவிட்டு ஏறுதல், வாயிலிற் படிந்து நில்லாமை, முதியோர்க்கும் கருவுற்றார்க்கும் இடந்தருதல் என்பன யாவரும் அறிந்தன. அறிந்தும் பலர் செய்யாதன. ஓடும் வண்டியில் ஏறுதலும், மேம்பாலத்தை விடுத்து இருப்புப்பாதையைக் குறுக்கே கடத்தலும் உயிர்க்கு இறுதியாவன. இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காக எழுபதாண்டு வாழ்வைப் பணயம் வைத்தல் எவ்வாற்றானும் தகாது. புறநகர் வண்டிகளில் மகளிர்க்கெனத் தனிப்பெட்டிகள் உள்ளன. ஆடவர் அவற்றில் ஏறுதல் குற்றம். இடர் நேருங்கால் 139 என்னும் எண்ணை அழைத்தால் இரயில்வேத் துறையினர் உதவுவர். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரையிலும், மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரையிலும் அலுவல் நாட்களில் கூட்டம் மிகுதி. சுற்றிப்பார்க்கச் செல்வார் அந்நேரங்களை விலக்குதல் தமக்கும் நன்று, பணிக்குச் செல்வார்க்கும் நன்று.

நம் கடமை

இதுகாறும் கூறியன வழிச்செல்வார்க்கு உரியன. இனி, வழியறிந்த நமக்குரியது ஒன்று எஞ்சியுள்ளது. பாணனை ஆற்றுப்படுத்தியவன் பாணனே. இருவர்க்கும் மொழி ஒன்று. இன்று ஒரகடத்தினின்று வரும் வழிச்செல்வாருள் பலர்க்குத் தமிழ் தெரியாது. நிலையப் பெயர்ப் பலகையில் அவர் அறிந்த எழுத்து ஒருகால் இருக்கும்; ஆனால் அறிவிப்பைக் கேட்டு உணர்தற்கும், ‘இது விரைவு வண்டியோ, எல்லா நிலையத்திலும் நிற்குமோ?’ என வினவுதற்கும் அவர்க்கு ஒருவர் துணை வேண்டும். அத்துணை நாள்தோறும் அவ்வண்டியில் வரும் மாணவராகிய நாமே. செவியிற் பாட்டுக் கருவியைச் செருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது நமக்கு எளிது. நிமிர்ந்து நோக்கி, அயலார் கையிலிருக்கும் சீட்டைக் கண்டு, ‘அடுத்தது கோட்டை, அங்கு இறங்குக’ எனக் கைகாட்டுதல் அதனினும் அரிதன்று.

இதனை ஓர் ஒழுங்காகச் செய்யவும் கூடும். எம் தமிழ் மன்றத்தினர் மூவழிகளையும் மாறுமிடங்களையும் ஒரே தாளில் எழுதி, தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் ஆகிய மொழிகளிற் பெயர்த்து, விடுதிகளுக்கு வழங்கலாம். அம்மொழிகளை அறிந்த மாணவர் நம் கல்லூரியிலேயே உள்ளனர். அங்குப் பணியாற்றும் பழைய மாணவர் அதனைக் கொண்டுசேர்க்க இசைவர் என நம்புகின்றோம். ஆற்றுப்படையைத் தேர்விற்குப் படிப்பது ஒரு பயன். அதனைச் செய்வது மற்றொரு பயன். பின்னதே பெரிது.

முடிவுரை

பழைய ஆற்றுப்படைகளின் முடிவில் அரசனது கொடையுண்டு. யானையும் தேரும் பொற்றாமரையும் உண்டு. இருப்புப்பாதையின் முடிவில் அத்தகைய பரிசில் ஒன்றும் இல்லை. அருங்காட்சியகத்துச் சிலையும், நூலகத்து நூலும், கடற்காற்றும், நண்பரோடு பேசிக்கழித்த ஒருநாளுமே உண்டு. ஆயினும் ஆறு நாள் இயந்திரத்தின் முன் நின்றார்க்கு அவை சிறியன அல்ல. தாம் வாழும் நாட்டின் தலைநகரைக் கண்டறிந்தவர் அந்நாட்டில் அயலாராக இரார். அவ்வறிவைப் பெறுதற்கு வேண்டும் பொருள் மிகச் சிறிது; வேண்டும் துணிவும் வழியறிந்தார் ஒருவரின் சொல்லுமே பெரிது. அச்சொல்லை நாம் சொல்லுவோமாக.